பக்கத்து அறை நாற்காலி

குன்வோரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பனி விழத் தொடங்கியதிலிருந்தே அப்படித்தான். சமையலறை ஜன்னலில் நின்று, மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து கிடக்கும் ஃபியோர்டைப் பார்ப்பாள். உடனே கூடத்து ஜன்னலுக்குப் போவாள். அங்கிருந்தும் தெரிவது அதே ஃபியோர்டுதான். அவள் கணவர் ஹால்வார் குறுக்கெழுத்துப் புதிரிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வார்:

"கொஞ்சம் உக்காரேன், குன்வோர். தரையெல்லாம் தேஞ்சு போயிடும் போலிருக்கே."

"உக்காந்தா கை ஆடுது. நடந்தா ஆடறது எனக்கே தெரியறதில்ல."

அவர் காபியை ஊற்றி அவள் போகிற வழியில் ஏதாவது ஒரு மேசையில் வைத்துவிடுவார். அவள் அதைக் குடித்தாலும் உண்டு, ஆறவிட்டாலும் உண்டு.

ஊரில் பாதிப் பேருடைய பற்கள் குன்வோரின் கைப்பட்டவை. குழந்தையாக வந்து அழுதவர்கள், பிறகு தங்கள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு வந்தார்கள். மூன்று வருடம் முன்பு ஒரு நாள், ஒரு பள்ளிக்கூட ஆசிரியை வாயைத் திறந்து காத்திருக்க, மரத்துப்போகும் ஊசியை ஈறுக்கு நேராகப் பிடித்திருந்த குன்வோரின் கை ஆடத் தொடங்கியது. ஊசியைத் தட்டில் வைத்தாள். "இன்னைக்கு வேண்டாம், நாளைக்கு வாங்க" என்றாள். நாளைக்கு அவளே போகவில்லை. பார்க்கின்சன் நோய் என்று பெயர் தெரிந்த பிறகு தன் பல் மருத்துவமனையை ஒரு இளம் தம்பதிக்கு விற்றுவிட்டாள். அந்தத் தெரு வழியாகப் போவதையும் நிறுத்திவிட்டாள்.

அதிர்வு நாற்காலி ஆராய்ச்சியைப் பற்றி அவளுக்குச் சொன்னது நரம்பு மருத்துவர். ஃபியோர்டின் அக்கரையில் ஒரு மறுவாழ்வு மையத்தில் நடக்கிறது, நாற்காலிக்குள் ஒலிபெருக்கிகள், மிகத் தாழ்ந்த ஒரு சத்தத்தை உடம்புக்குள் அனுப்புகிறார்கள், காதால் கேட்பதைவிட முதுகால் கேட்பதுதான் அதிகம் என்றார். பாதிப் பேருக்கு ஆழமான அதிர்வு. மீதிப் பேருக்கு அதே சங்கீதம், அதே நாற்காலி, ஆனால் அதிர்வு பேருக்குத்தான். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, நடத்துகிற டாக்டருக்கும் தெரியாது. கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியும்.

"நான் படிச்ச காலத்துல நானும் இப்படி ஆராய்ச்சி பண்ணியிருக்கேன்" என்றாள் குன்வோர். "எனக்கு விதியெல்லாம் தெரியும்."

தெரியும்தான். ஆனால் தெரிந்துகொண்டு பக்கத்தில் நின்று பார்ப்பது வேறு, அந்த நாற்காலியில் போய்ப் படுப்பது வேறு என்று அப்போது அவளுக்குப் படவில்லை.

வாரம் இரண்டு தடவை பஸ் பிடித்துப் போனாள். மையத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறை. ஒவ்வொன்றிலும் சாய்வு நாற்காலி ஒன்று, கம்பளிப் போர்வை ஒன்று. நடுவில் இரண்டு அறைக்கும் பொதுவாக ஒரு கழிவறை. யோரன் என்ற உதவியாளர் வந்து, யாருக்கு எந்த அதிர்வு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் அவளுடைய எண்ணைக் கருவியில் தட்டுவார், போர்வையை இழுத்துவிடுவார், விளக்கைத் தணித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போவார். முதலில் ஒரு புல்லாங்குழல். கொஞ்ச நேரம் கழித்து இடுப்புக்குக் கீழிருந்து ஒரு உறுமல் கிளம்பும். முழங்கால், வயிறு, தோள் என்று மேலே ஏறும், இறங்கும், மறுபடி ஏறும்.

குன்வோர் கண்ணை மூடவே இல்லை. கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிற்கிறதா? நிற்பது போலத்தான் இருந்தது. இல்லை, கட்டை விரல் ஆடுகிறது. போன தடவையைவிடக் குறைவா? போன தடவை எவ்வளவு ஆடியது?

அரை மணி நேரம் இந்த விசாரணையிலேயே போய்விடும். எழுந்து வரும்போது, போனதைவிடக் களைத்துப் போயிருப்பாள்.

அவளுக்குப் பக்கத்து அறையில் அதே நேரத்துக்கு வருகிறவர் ஓட்முண்ட். நகராட்சிப் பனி வாரும் வண்டியை முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டியவர். பெரிய உடம்பு, சின்னச் சின்ன அடியாக வைக்கும் நடை, ஓயாத வாய். காத்திருக்கும் கூடத்தில் தெர்மாஸைத் திறந்து தனக்குப் பாதி கோப்பையும் தரைக்குப் பாதியும் ஊற்றிக்கொள்வார்.

"பல்லு டாக்டர்தானே நீங்க?" என்றார் முதல் நாளே. "என் கடவாய்ப் பல்ல ஒரு தடவை பிடுங்கினீங்க. இன்னும் நான் மன்னிக்கல."

"சொத்தையா வச்சிருந்தா பிடுங்காம கொஞ்சவா முடியும்?"

"பாருங்க, இப்ப ரெண்டு பேரும் ஒரே நாற்காலிக்கு வந்துட்டோம். கடவுள் இருக்காரு."

நாற்காலியில் என்ன தோன்றுகிறது என்று நோயாளிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளக் கூடாது என்பது விதி. ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டர் சின்னோவே முதல் நாளே அதைச் சொல்லியிருந்தாள். ஓட்முண்டுக்கு விதி நினைவிருந்தது, நாக்குக்குத்தான் நினைவில்லை. மார்ச் மாதம் ஒரு காலை, தன் சட்டையை விரலால் சுட்டிக் காட்டினார்.

"இதப் பாருங்க. கழுத்து வரைக்கும் பொத்தான். நானே போட்டேன். வீட்டுக்காரி ஓடி வந்து பார்த்துட்டு அழுதுட்டா. பொம்பளைங்க எதுக்கெல்லாம் அழுவாங்கன்னே தெரியல."

குன்வோர் பொத்தான்களைப் பார்த்தாள். சின்ன வெள்ளைப் பொத்தான்கள். அவளே அந்த மாதிரிச் சட்டைகளை அலமாரியின் அடியில் தள்ளிவிட்டுத் தலைவழியாக மாட்டும் கம்பளி உடைகளுக்கு மாறியிருந்தாள்.

"நாற்காலியில என்ன பண்ணுது உங்களுக்கு?" கேட்கக் கூடாது என்று தெரிந்தேதான் கேட்டாள்.

"பூனைய மடியில வச்ச மாதிரி. மெல்லமா ஒரு கர்ர்ர். அப்படியே தூங்கிடுவேன். உங்களுக்கு?"

"எனக்கு அப்படி இல்ல. லாரி போற மாதிரி."

"அப்ப சரி" என்றார் ஓட்முண்ட். எது சரி என்று அவர் சொல்லவில்லை. யோரன் வந்து இருவரையும் உள்ளே கூப்பிட்டுவிட்டார்.

அன்றிலிருந்து குன்வோருக்கு ஒரே நினைப்பு. நிஜ நாற்காலி பக்கத்து அறையில் இருக்கிறது. அந்தக் கர்ர்ர்தான் மருந்து. தனக்குக் கிடைத்தது வெறும் சத்தம். பஸ்ஸில் இதே நினைப்பு, கடையில் இதே நினைப்பு, ஹால்வார் தட்டில் வைத்த மீனைக் கிளறும்போதும் இதேதான்.

"சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு. நடுவுல ஒரு கழிப்பறைதான்" என்று ஒரு நாள் வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"என்னது இருக்கு?" என்றார் ஹால்வார்.

"ஒண்ணுமில்ல."

ஈஸ்டர் விடுமுறைக்கு எல்லோரும் மலைக் குடிசைகளுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வாரத்தில், காத்திருக்கும் கூடத்தில் அவர்கள் இருவர் மட்டும்தான். குன்வோர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"ஓட்முண்ட், ஒரே ஒரு தடவை. என் இடத்துல நீங்க, உங்க இடத்துல நான். யோரன் எண்ணத் தட்டிட்டு வெளிய போனதும் நடுக் கதவு வழியா மாறிக்கலாம்."

அவர் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். உரிப்பதை நிறுத்தினார்.

"டாக்டரம்மா, நீங்களா இதச் சொல்றீங்க?"

"நான்தான் சொல்றேன்."

"மாட்டிக்கிட்டா?"

"மாட்ட மாட்டோம்."

"நான் வாழ்க்கையில ஒரு சிவப்பு விளக்கக்கூடத் தாண்டினதில்ல." பழத்தில் ஒரு சுளையை அவளிடம் நீட்டினார். வாங்கிய அவள் கை ஆடிய ஆட்டத்தைப் பார்த்தார். இன்னொரு சுளையைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். "சரி. ஒரே தடவை. அப்புறம் என் கடவாய்ப் பல்லுக்கு நீங்க மன்னிப்பு கேக்கணும்."

யோரன் போர்வையை இழுத்துவிட்டுப் போனதும் குன்வோர் எழுந்தாள். புல்லாங்குழல் ஒலித்துக்கொண்டிருந்தது. வெறும் காலுறையோடு கழிவறைக்குள் நுழைந்தாள். எதிர்க் கதவு திறந்தது. ஓட்முண்டும் காலுறையோடு வாசலில் நின்றார். நின்றார் என்றால் நின்றேவிட்டார்.

"வாங்க" என்று கிசுகிசுத்தாள்.

"வர மாட்டேங்குது."

"என்ன வர மாட்டேங்குது?"

"காலு. ஒட்டிக்கிச்சு."

இந்த நோய்க்காரர்களுக்கு வாசற்படிதான் எமன். சமதரையில் நடந்து வருவார்கள், ஒரு குறுகலான வாசலைக் கண்டதும் பாதம் தரையோடு பசை போட்ட மாதிரி நின்றுவிடும். குன்வோருக்கு இது வந்ததில்லை, படித்திருக்கிறாள். ஓட்முண்டின் அகலமான உடம்பு வாசலை முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. அவளால் அந்தப் பக்கம் போக முடியாது. அவரால் எந்தப் பக்கமும் போக முடியாது.

அப்போது நாற்காலிகள் கத்தத் தொடங்கின. மேலே ஆள் இல்லை என்றால் அவை கூப்பிடும் என்று இருவருக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை. இந்த அறையில் ஒரு பீப், அந்த அறையில் ஒரு பீப்.

"ஐயோ" என்றார் ஓட்முண்ட். வியர்த்துக் கொட்டியது. முழங்கால் இரண்டும் நடுங்கினவே தவிர, பாதம் அசையவில்லை. உடம்பு மட்டும் முன்னால் சாய்ந்தது. விழுந்தால் தலை கை கழுவும் தொட்டியின் விளிம்பில் படும்.

குன்வோர் ஒரு கையை அவர் மார்பில் ஊன்றினாள். அந்த நிமிடம் அவளுக்கு நாற்காலி மறந்துபோனது. மறு கை சுவரைத் தேடியது. கை துடைக்கும் காகிதம் வைத்த தகரப் பெட்டி அகப்பட்டது. அதில் அறைந்தாள். டம். மறுபடி. டம்.

"யோவ், என்னப் பாருய்யா! கீழ பாக்காத. மே பதினேழு, தேசிய நாள் ஊர்வலம். பேண்டு வருது. இடது! வலது! தூக்கு காலை!"

டம், டம், டம். அவள் கையின் நடுக்கத்தில் இடையிடையே சில்லறை அடிகளும் விழுந்தன. அவள் அதற்கு மேல் பலமாக அடித்தாள். ஓட்முண்டின் இடது கால் சட்டென்று பெயர்ந்தது. பிறகு வலது. பள்ளிக்கூடப் பையன் கொடி பிடித்து வருகிற மாதிரி முழங்காலை உயர்த்தி, மூன்று அடியில் கழிவறையைக் கடந்து, அவள் அறைக்குள் போய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

குன்வோரும் அவர் பின்னால் வந்தாள். திரும்பினால், அறை வாசலில் டாக்டர் சின்னோவே.

"என்ன நடக்குது இங்க?"

"கழிப்பறைக்கு வந்தோம்" என்றார் ஓட்முண்ட், மூச்சு வாங்கிக்கொண்டே.

"ரெண்டு பேருமா?"

நாற்காலிகள் இரண்டும் இன்னும் கத்திக்கொண்டிருந்தன.

சின்னோவே இளம்பெண். குன்வோரின் மகளாக இருக்கக்கூடிய வயது. தன் அறையில் குன்வோரைத் தனியாக உட்கார வைத்து அவளும் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஓட்முண்ட் செஞ்சிருந்தா எனக்குப் புரியும். நீங்க விஷயம் தெரிஞ்சவங்க, குன்வோர்."

"அவர ஒண்ணும் சொல்லாதீங்க. இழுத்தது நான்."

"ஏன்?"

"அவருக்கு நல்லாகுது. எனக்கு ஆகல. நிஜ நாற்காலி அங்க இருக்கு."

"உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும்."

"எனக்கே தெரியாது!" சின்னோவே மேசையில் கையைத் தட்டினாள். தட்டியதற்கு அவளே வெட்கப்பட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். "இங்க வர்ற ஒவ்வொருத்தர் கையையும் நான் பாக்கறேன். இவருக்கு நிஜம்தான் போயிருக்கணும், அவருக்குப் பொய்தான்னு தினம் என் மனசு சொல்லுது. கம்ப்யூட்டரத் திறந்தா ஒரு நொடியில தெரிஞ்சிடும். திறக்கக் கூடாதுன்னு நகத்தக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். நீங்க மட்டும்தான் தவிக்கறீங்கன்னு நினைக்கறீங்களா?"

குன்வோர் அவள் விரல்களைப் பார்த்தாள். நகங்கள் சதை வரை கடிபட்டிருந்தன. முகத்தைப் பார்த்தாள். தாடை இறுகியிருந்தது. தூக்கத்தில் பல் நறநறக்கிற பெண் இவள் என்று தோன்றியது. வருஷக்கணக்கில் எத்தனையோ வாயில் பார்த்தது.

"நான் விலகிக்கறேன்" என்றாள்.

"விலகறது சுலபம். நீங்க போனா அது ஒரு ஓட்டை. அவரும் போனா ரெண்டு. அப்புறம் இந்த ஆராய்ச்சிய யார் நம்புவா? இன்னைக்கு நடந்தத நான் அப்படியே எழுதுவேன், யார்கிட்டயும் மறைக்க மாட்டேன். நீங்க உங்க நாற்காலிக்குத் திரும்பிப் போங்க. கடைசி வரைக்கும்."

குன்வோருக்கு அதைவிடப் பெரிய தண்டனை கொடுத்திருக்க முடியாது. பொய் என்று தான் முடிவு கட்டிவிட்ட நாற்காலியில், ஏப்ரல் முழுவதும், மே மாதத்திலும், வாரம் இரண்டு தடவை போய்ப் படுத்தாள். உறுமல் ஏறும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்தால் ஜன்னலுக்கு ஜன்னல் நடை. பனி உருகி, கரையில் கோல்ட்ஸ்ஃபுட் பூக்கள் மஞ்சளாகக் கிளம்பின. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில்லை.

ஒரே ஒரு நாள், பஸ் தாமதமாகி ஓடி வந்து படுத்தவள், களைப்பில் கையைப் பார்க்க மறந்துபோனாள். கண் தானாக மூடிக்கொண்டது. யோரன் தோளைத் தொட்டு எழுப்பும்போது வாயோரம் எச்சில் வழிந்திருந்தது. "குறட்டை விட்டீங்க" என்றார் அவர். குன்வோருக்கு அவமானமாக இருந்தது. அதோடு, ஏதோ கையில் கிடைத்ததைப் பார்க்காமல் தவறவிட்ட மாதிரி எரிச்சலும் வந்தது. அடுத்த தடவை மறுபடி கையையே காவல் காத்தாள்.

ஜூனில் எல்லோரையும் வரச் சொன்னார்கள். வாஃபிள் சுட்டு, பழுப்புப் பாலாடைக்கட்டி சீவி வைத்து, காபி போட்டு, சின்னோவே முன்னால் நின்று முடிவைச் சொன்னாள். கை நடுக்கத்திலும் நடையிலும் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. இரண்டு கூட்டமுமே கொஞ்சம் தேறியிருந்தன. ஆழ்ந்த அதிர்வு பெற்றவர்கள் சற்று நன்றாகத் தூங்கினார்கள், ஆனால் அடித்துச் சொல்லும் அளவுக்கு இல்லை. அவள் குரல் ஒரே சீராக இருந்தது. கையில் பிடித்திருந்த காபியை ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. வருஷக்கணக்கான வேலை இப்படித்தான் முடிந்தது என்பது அந்தக் கோப்பையைப் பார்த்தாலே தெரிந்தது.

பிறகு ஒவ்வொருவரையும் கூப்பிட்டு அவரவர் நாற்காலி எது என்று சொன்னாள். குன்வோரிடம் வரும்போது அவள் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"உங்களுக்குக் கிடைச்சது நிஜம். முதல் நாள்லேருந்து."

குன்வோர் தலையை ஆட்டினாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. இத்தனை நாளும் பக்கத்து அறையில் ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கையாவது இருந்தது. இப்போது அந்த அறை காலி. எங்கேயும் வேறு நாற்காலி இல்லை.

திரும்பிப் பார்த்தபோது ஓட்முண்ட் கூடத்தில் இல்லை. வாஃபிள் தட்டு பாதியில் கிடந்தது.

படகுத்துறைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முகம் செக்கச் செவேல் என்றிருந்தது.

"கிழவன நல்லா ஏமாத்தி உக்கார வச்சிட்டாங்க" என்றார். "பூனையாம் பூனை. வெறும் காத்து. ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன், பொத்தான் போட்டேன் பொத்தான் போட்டேன்னு. வீட்டுக்காரி அழுதா. அவகிட்ட என்ன சொல்றது இப்ப?"

"பொத்தான் போட்டீங்களா இல்லையா?"

"போட்டேன்."

"நான் என் கண்ணால பாத்தேன். நாற்காலி எந்திரிச்சு வந்தா போட்டுது? உங்க விரல்தானே?"

"சமாதானம் சொல்லாதீங்க டாக்டரம்மா. நிஜம் உங்களுக்குக் கிடைச்சிருக்கு, நீங்க பேசலாம்."

"கிடைச்சு என்னத்தக் கண்டேன்? உங்க அறைய நினைச்சு நினைச்சு வயிறெரிஞ்சதுலயே வசந்தம் போயிடுச்சு. நீங்களாவது தூங்கினீங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். சிரிப்பு வந்தது, ஆனால் விடவில்லை. குன்வோர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையைப் பெஞ்சின் பலகையில் ஊன்றியிருந்தாள். அது பாட்டுக்கு ஆடியது. இந்தத் தடவை அவள் அதை மடியில் ஒளிக்கவில்லை.

"என்ன இது, பெஞ்சே ஆடுது" என்றார் ஓட்முண்ட்.

"பொறுத்துக்கங்க."

"பொறுக்கறேன். எனக்கும் வேற வேலையில்ல."

ஒரு படகு வந்து, இரண்டு மூன்று பேரை இறக்கிவிட்டுப் போனது. அவர் மனைவி காரோடு வருகிற வரைக்கும் இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். கார் வந்ததும் ஓட்முண்ட் எழுந்து, "பல்லு விஷயத்த நான் இன்னும் மறக்கல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோடையில் அவருக்கு நடை மோசமானது. பொத்தான் சில நாள் கை கொடுத்தது, சில நாள் இல்லை. அதை அவரே தொலைபேசியில் சொல்வார், நல்ல நாளிலும் கெட்ட நாளிலும். செப்டம்பரில் சின்னோவே அடுத்த ஆராய்ச்சிக்கு ஆள் கேட்டு எழுதியபோது ஓட்முண்ட் வரமாட்டேன் என்றுவிட்டார். "எனக்கு இனிமே நாற்காலியே வேண்டாம், நின்னுக்கிட்டே சாவறேன்" என்றார். குன்வோர் போனாள். இந்தத் தடவை விலா எலும்பில் கட்டிக்கொள்ளும் ஒரு சின்னக் கருவி. நிஜமா பொய்யா என்று அதிலும் தெரியாது.

வீட்டில் இன்னும் ஜன்னலுக்கு ஜன்னல் நடக்கத்தான் செய்கிறாள். சட்டைக்கு அடியில் அந்தக் கருவி மெல்ல முனகிக்கொண்டிருக்கும்.

"ஏதாவது தெரியுதா?" என்று கேட்டார் ஹால்வார் ஒரு நாள்.

"தெரியல" என்றாள் குன்வோர். மேசையில் இருந்த காபியை எடுத்தாள். கொஞ்சம் தட்டில் சிந்தியது. மீதியைச் சூடாக இருக்கும்போதே குடித்தாள்.